உழவன் எக்ஸ்பிரஸில் ஏறும் மெஷின் ஆபரேட்டர்கள்... உங்க ஆஃபர் லெட்டர்ல என்ன வார்த்தை இருக்கு பாஸ்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தஞ்சாவூர் ஜங்ஷனுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. சென்னை எழும்பூர் போகிற உழவன் எக்ஸ்பிரஸின் அன்ரிசர்வ்டு பெட்டி வாசலில் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள் கூட்டமாக நிற்பார்கள். தோளில் பேக், கையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம், பேக்குக்குள் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதே மாதிரி இன்னும் கொஞ்சம் பேர் ஏறுவார்கள். விடியும் முன்பே செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கி, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் பிடிப்பார்கள். திங்கள்கிழமை ஷிஃப்ட்டுக்கு மெஷின் முன்னால் நிற்க வேண்டுமே.

உழவன் என்று பேர் வைத்த ரயிலில், உழவர் வீட்டுப் பிள்ளைகள் மெஷின் ஆபரேட்டராகப் போகிறார்கள். இதைப் பார்த்து "விவசாயம் அழிஞ்சுபோச்சே" என்று உச்சுக்கொட்டுகிறவர்களும் உண்டு. "டெல்டால ஃபேக்டரி வந்திருந்தா இவன் ஏன் ஊரைவிட்டுப் போறான்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் ரயிலில் ஏறுகிற தம்பியின் கவலை வேறு. 'இந்த வேலை எத்தனை மாசத்துக்கு?' அதைத்தான் அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஐ.டி.ஐ முடித்துவிட்டு, "ஆபரேட்டர் வேலை இருக்கு, நாளைக்கே ஜாயின் பண்ணலாம்" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்து யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

வேளாண் மண்டலம்னா ஃபேக்டரியே வராதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. அன்றிலிருந்து ஊர் டீக்கடையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது: "இனிமே டெல்டால ஃபேக்டரியே வராதுப்பா."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது தடுப்பது ஒரு குறிப்பிட்ட பட்டியலை. தாமிரம், துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பு ஆலைகள், தோல் பதனிடும் தொழில், புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நிலத்தையும் நீரையும் கெடுக்கும் என்று பயப்பட நியாயம் உள்ள தொழில்கள் இவை. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்து டெல்டா மக்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகு வந்த சட்டம் இது.

அரிசி ஆலைக்கோ, எண்ணெய்ச் செக்குக்கோ, தேங்காய் நார் யூனிட்டுக்கோ, உணவு பதப்படுத்தும் ஆலைக்கோ அந்தப் பட்டியலில் தடை இல்லை. 2023 வேளாண் பட்ஜெட்டில், திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே வேளாண் தொழில் பெருந்தடம் அமைப்போம் என்று அரசே அறிவித்தது.

ஆக, டெல்டாவில் மெஷின் வேலைக்குச் சட்டம் கதவைச் சாத்தவில்லை. அப்படியானால் அந்த வேலை எங்கே இருக்கிறது? உங்க வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில், தவிட்டு வாசனையோடு இருக்கிறது.

நம்ம ஊர் ஃபேக்டரிக்குப் பேரு ரைஸ் மில்

"ரைஸ் மில்லா? அது ஃபேக்டரியா ப்ரோ?" என்று கேட்காதீங்க. ஒரு நவீன அரிசி ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நெல் வருகிறது. ஊறவைத்து, நீராவியில் அவித்து, டிரையரில் காயவைக்க வேண்டும். ஈரப்பதம் 14 சதவிகிதத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் அரைக்கத் தோது. அதிக ஈரத்தோடு அரைத்தால் அரிசி நசுங்கும், ரொம்பக் காய்ந்தால் உடையும். அடுத்தது ரப்பர் ரோல் ஷெல்லர். இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிர்த் திசையில் வேறுவேறு வேகத்தில் சுற்றும். நடுவே விழும் நெல்லின் உமி உரிந்துவிடும். அந்த இரண்டு உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சரியாக வைப்பதுதான் ஆபரேட்டரின் கைத்திறமை. இடைவெளி கூடினால் உமி உரியாத நெல் கீழே போகும். குறைந்தால் அரிசி நொய்யாகிவிடும், ரப்பரும் சீக்கிரம் தேயும்.

அதற்கப்புறம் பாலிஷர், கிரேடர், கடைசியில் கலர் சார்ட்டர். ஓடிவரும் ஒவ்வொரு அரிசியையும் கேமரா பார்த்து, கறுப்பு, பழுப்பு அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின் அது. சென்சிட்டிவிட்டியை அதிகமாக வைத்தால் நல்ல அரிசியும் சேர்ந்து வெளியே போகும், குறைத்தால் கறுப்பரிசி மூட்டைக்குள் போகும். அரசு நெல்லை அரைக்கக் கொடுக்கும்போது 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்று கணக்குக் கேட்கிறார்கள். இந்தக் கணக்கு நிற்பதும் சாய்வதும் அந்த ஆபரேட்டர் கையில் இருக்கிறது.

அவிப்பதற்கான நீராவி பாய்லரிலிருந்து வருகிறது. அதற்கு எரிபொருள், அதே ஆலையில் உரித்த உமி. பாய்லரை யார் வேண்டுமானாலும் கவனித்துக்கொள்ள முடியாது. தகுதிச் சான்றிதழ் வாங்கிய பாய்லர் அட்டெண்டன்ட்தான் கவனிக்க வேண்டும். 1923-ல் வந்த பாய்லர் சட்டத்தை எடுத்துவிட்டு, 2025-ல் புதுச் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தச் சான்றிதழ் உங்க கையில் இருந்தால் ரைஸ் மில், சர்க்கரை ஆலை, டெக்ஸ்டைல், பால் பண்ணை என்று பாய்லர் ஓடுகிற எந்த இடத்திலும் கேட்டு வேலை வாங்கலாம்.

இந்த மெஷின் மரபு டெல்டாவுக்குப் புதுசு இல்லை. மழையில் நனைந்த நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்குப் பதில் தேடி, 1967-ல் திருவாரூரில் அரிசி ஆலையை ஒட்டிச் சின்னதாக ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கியது. அதுதான் வளர்ந்து, பெயர் பல தடவை மாறி, இன்று தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. நம்ம சேற்றில் முளைத்த தொழில்நுட்பம் சார் அது!

அப்புறம் ஏன் ரயில் ஏறணும்?

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் கசக்கும்.

டெல்டாவின் ஆலைகள் பயிரை நம்பி ஓடுகின்றன. குறுவை, சம்பா அறுவடை நேரத்தில் மெஷின் ராத்திரி பகலாகச் சுற்றும், மற்ற மாதங்களில் வேலை குறையும். சர்க்கரை ஆலையும் அப்படித்தான். குருங்குளத்தில் அரசின் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை இருக்கிறது, கரும்பு வந்தால்தான் அங்கே அரவை. மயிலாடுதுறை பக்கம் தலைஞாயிறு கூட்டுறவு சர்க்கரை ஆலை பல வருஷங்களாக அரவை இல்லாமல் கிடக்கிறது. பாபநாசம் பக்கம் திருமண்டங்குடி ஆலை கடனில் மூழ்கிக் கைமாறியது. தங்கள் பேரில் வாங்கப்பட்ட கடனுக்குத் தீர்வு கேட்டு, கரும்பு விவசாயிகள் 2022 நவம்பரிலிருந்து அங்கே போராடினார்கள். ஆலை மூடினால் பாதிக்கப்படுவது விவசாயி மட்டும்தானா? மில் ஹவுஸ் ஆபரேட்டர், ஃபிட்டர், பாய்லர்காரர் எல்லோரும்தான் தெருவுக்கு வருகிறார்கள்.

இன்னொரு பிரச்னை, பேப்பர். பல தனியார் ரைஸ் மில்களில் ஆபரேட்டர் பத்து வருஷம் வேலை பார்த்திருப்பார். முதலாளிக்கு அவர்மேல் உயிர். ஆனால் சம்பளச் சீட்டு இருக்காது, பி.எஃப் இருக்காது, அனுபவச் சான்றிதழ் இருக்காது. "நம்ம பையன்தானே" என்ற வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். நம்ம பையனுக்கு விரல் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த வார்த்தையில் பதில் கிடையாது.

இந்த நிலைமையில்தான் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன. இதில் டெல்டாவுக்கு நேரடியாக உறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில், கரன்ட் மெஷின் வைத்து 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை. புதுத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20. பொதுவான பாதுகாப்புக் கடமைகள் 10 பேர் இருக்கிற இடத்துக்கும் பொருந்தும். ஆனால் 'தொழிற்சாலை' என்ற அந்தஸ்துக்கு 20 பேர் வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து பேர் வேலை செய்யும் மில்கள் டெல்டாவில் எத்தனை என்று யோசித்துப் பாருங்க. மெஷின் அதே மெஷின், பெல்ட் அதே பெல்ட், உள்ளே நிற்கிற ஆளும் அவரேதான். போர்டில் உள்ள வார்த்தை மட்டும் மாறுகிறது.

அதே தொகுப்பில் நல்லதும் ஒன்று இருக்கிறது. எல்லா தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது. ரைஸ் மில் தம்பியும் இதைக் கேட்டு வாங்கலாம்.

ஒரகடத்தில் நாலு வார்த்தைகள்

சரி, ரயில் ஏறியாச்சு. கன்சல்டன்சிக்காரர் ஒரு கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஏ.சி ஹால், சி.என்.சி மெஷின், யூனிஃபார்ம், கேன்டீன். வீட்டுக்கு போட்டோ அனுப்பிவிட்டீர்கள். அம்மா ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்.

இப்போ அந்த ஆஃபர் லெட்டரைத் திரும்ப எடுங்க. சம்பளத்தைப் பார்க்கும் முன்னால், உங்க பேருக்குப் பக்கத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்க. ஒரே லைனில், ஒரே மெஷினில், ஒரே டார்கெட்டுக்கு நிற்கிற நாலு பேர் பேப்பரில் நாலு விதமாக இருக்கலாம்.

அப்ரன்டிஸ்: 1961-ம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டப்படி நீங்க பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. கிடைப்பது சம்பளம் இல்லை, உதவித்தொகை. ஐ.டி.ஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 7,000 ரூபாய் என்று 2019-ல் வைத்தார்கள். உதவித்தொகையை 36 சதவிகிதம் கூட்டலாம் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரன்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. பி.எஃப், இ.எஸ்.ஐ இல்லை. முடித்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ஆனால் தேர்வு எழுதி வாங்கும் தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழுக்கு ரயில்வே மாதிரி இடங்களில் மதிப்பு உண்டு. ஒப்பந்தம் அரசின் அப்ரன்டிஸ் போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பதிவே இல்லாமல் 'டிரெய்னி' என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன டிரெய்னிங், எத்தனை மாசம், யார் சொல்லிக்கொடுப்பார் என்று கேளுங்க. முதல் வாரத்திலேயே தனியாக மெஷின் ஓட்டச் சொன்னால் அதுக்குப் பேரு டிரெய்னிங் இல்லை.

கான்ட்ராக்ட்: உங்க முதலாளி கம்பெனி இல்லை, கான்ட்ராக்டர். மெஷின் மாறாது, மேனேஜர் மாற மாட்டார், ஆனால் வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்டர் பெயர் மாறலாம். கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் ஓடினால், அதைக் கொடுக்கும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை.

குறித்த கால வேலை: ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று தேதி போட்டே கொடுப்பார்கள். பர்மனென்ட் ஆளுக்கு உள்ள சம்பளமும் சலுகைகளும் உங்களுக்கும் உண்டு. புதுத் தொகுப்பில் ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. முன்பெல்லாம் அதற்கு ஐந்து வருஷம் வேண்டும். ஆனால் தேதி முடிந்தால் வேலையும் முடிந்தது.

பர்மனென்ட்: இதற்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

நம்ம மாநிலத்தில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ச்சியாக வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தர அந்தஸ்து தர வேண்டும் என்கிறது அது. பெரிய உரிமைதான். ஆனால் அப்ரன்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்ற வார்த்தைகள் இருக்கும்போது, அந்த 480 நாளும் யார் கணக்கில் ஏறுகிறது என்ற சண்டை வந்துவிடுகிறது. அப்படிச் சண்டை வந்தால் உங்களுக்காகப் பேசப்போவது உங்க கைத்திறமை இல்லை. அட்டெண்டன்ஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப் பாஸ்புக் ஆகிய மூன்றும்தான் பேசும்.

எட்டு மணி நேரமும் பத்து விரலும்

2023 ஏப்ரல் 21 ஞாபகம் இருக்கா? 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள். கூட்டணிக் கட்சிகள் முதல் தொழிற்சங்கங்கள் வரை எதிர்த்தார்கள். சில நாளிலேயே நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் என்ற கணக்கு பழைய சட்டத்திலும் இருந்தது, புதுத் தொகுப்பிலும் இருக்கிறது. அதற்குமேல் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். உங்க ஓ.டி-க்கு ஒற்றைச் சம்பளம்தான் வருகிறதா? அப்படியானால் பாதிப் பணம் வரவில்லை என்று அர்த்தம்.

ஓ.டி பணம் முக்கியம்தான். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன், அப்பா குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கு உரம் எல்லாமே அதிலிருந்துதான் போகிறது. ஆனால் மெஷின் ஆபரேட்டருக்குத் தூக்கக் கலக்கம் என்பது வெறும் தூக்கக் கலக்கம் இல்லை. பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி வைத்திருப்பார்கள். கதவு திறந்தால் சி.என்.சி தானாக நிற்கும். டார்கெட் அவசரத்தில் அந்த சென்சாரை டேப் ஒட்டி ஏமாற்றச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு சீனியர் அண்ணன்தான். "எல்லாரும் இப்படித்தான் ஓட்டறோம் தம்பி" என்பார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் டார்கெட் இருக்கிறது. ஆனாலும் முடியாது என்று சொல்லுங்க. ரைஸ் மில்லுக்கும் இதே கதைதான், ஓடுகிற பெல்ட்டில் கைவைத்து அடைப்பை எடுக்காதீங்க.

21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ உண்டு. உங்க சம்பளத்திலிருந்து 0.75 சதவிகிதம், கம்பெனி 3.25 சதவிகிதம். வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால், தினச் சம்பளத்தில் 90 சதவிகிதம் இ.எஸ்.ஐ தரும். இதற்கு இத்தனை மாசம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஆனால் விபத்து வேலை இடத்தில் நடந்தது என்று பதிவாக வேண்டும். "பைக்ல விழுந்ததா சொல்லிடு, ஆஸ்பத்திரி செலவை நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு பொய்யில் உங்க வாழ்நாள் உரிமை போய்விடும்.

கேட்டால் கிடைக்குமா?

'இதெல்லாம் கேட்டா வேலையைவிட்டுத் தூக்கிடுவாங்க' என்ற பயம் நியாயமானது. தனியாகக் கேட்கிறவருக்கு அந்த ஆபத்து நிஜமாகவே உண்டு. இதை மறைத்து உங்களுக்கு வீர வசனம் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் சேர்ந்து கேட்டது வீண் போகவில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டில் பலர் பாதிக்கப்பட்ட பிறகு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிலாளர் தங்கும் இடம் என்ற பேச்சு அதற்கப்புறம்தான் பெரிதானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிறவர்கள், எங்க சங்கத்தை அங்கீகரிங்க என்று 37 நாள் வெளியே இருந்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது.

இன்னிக்கே போன்ல செய்யக்கூடியது

போனைக் கையில் வைத்துக்கொண்டுதானே படிக்கிறீங்க? அப்படியே இதையும் முடித்துவிடுங்க.

உமாங் ஆப்பில் பி.எஃப் பாஸ்புக்கைத் திறங்க. சம்பளச் சீட்டில் பிடித்த பணம் அங்கே மாதாமாதம் ஏறுகிறதா? எந்த நிறுவனத்தின் பேரில் ஏறுகிறது? அதுதான் பேப்பரில் உங்க முதலாளி.

நியமனக் கடிதம், ஐ.டி கார்டு, ஒவ்வொரு மாத சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்க. போன் தொலைந்தாலும் மெயில் இருக்கும்.

எந்த மெஷின், எந்த கன்ட்ரோலர், என்ன ஜாப், செட்டிங் நீங்களே செய்தீர்களா என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்க. பட்டனை அமுக்குகிற ஆபரேட்டருக்கும், ஆஃப்செட் போடத் தெரிந்த ஆபரேட்டருக்கும் அடுத்த இன்டர்வியூவில் வித்தியாசம் தெரியும். ரைஸ் மில்லில் இருந்தால், பாய்லர் சான்றிதழுக்கு என்ன தகுதி வேண்டும் என்று விசாரியுங்க.

ஊரில் இருக்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. டெல்டாவில் தொழில் பெருந்தடம் வரும், உணவு ஆலை வரும் என்று அறிவிப்பு கேட்கும்போது, எத்தனை கோடி என்று மட்டும் கேட்கிறோம். எத்தனை பேருக்கு வேலை, அதில் எத்தனை பேர் பேருக்குப் பக்கத்தில் 'பர்மனென்ட்' என்று இருக்கும் என்றும் சேர்த்துக் கேட்போம். இந்த நெல்லை அரைக்கிற மெஷினையும் இந்த ஊர்ப் பிள்ளையே கௌரவமாக ஓட்ட முடிந்தால், அதுவும் வேளாண் மண்டலத்தைப் பாதுகாப்பதுதான்.

அடுத்த ஞாயிறு உழவனில் ஏறப்போகிறவரா நீங்க? சேஃப்டி ஷூவோடு அந்த ஆஃபர் லெட்டரையும் பேக்கில் எடுத்து வையுங்க. பாபநாசம் தாண்டுவதற்குள் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்க. பக்கத்து சீட்டுத் தம்பிக்கும் படிக்கக் கொடுங்க, அவரும் அநேகமாக ஏதோ ஒரு மெஷினுக்குத்தான் போகிறார்.